அஸ்வெசும, மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு, வேலையில்லாமை: கொப்பி எடுக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், பிரதேச செயலகம் ஒன்றுக்கு நடந்து போகும் தூரத்தில் எனக்கு ஒரு போட்டோக்கொப்பிக் கடை இருக்கிறது. நான் அரசாங்க உத்தியோகத்தன் இல்லை. ஆனால் 2023 இல் வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் காசு கொடுக்கும் அஸ்வெசும திட்டம் வந்ததிலிருந்து, அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வருகிறவர்கள் ஒரு கேள்வியையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள். ஆள் மாறும், ஊர் மாறும், கேள்வி மட்டும் மாறாது. ஒரே பதிலை நாளுக்குப் பத்துத் தடவை சொல்லித் தொண்டை கட்டிப்போனதால், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிவைத்துவிட்டேன்.

சமுர்த்தியும் அஸ்வெசுமயும் ஒண்டுதானே? பேரைத்தானே மாத்தியிருக்காங்க?

இல்லை. சமுர்த்தி என்ற பழைய உதவித் திட்டம் 1995 இல் தொடங்கியது. அதற்கு முன் 1989 இலிருந்து ஜனசவிய என்ற திட்டம் இருந்தது. சமுர்த்தியில் யாருக்குக் கொடுப்பது என்பதை ஊர் மட்டத்தில் உத்தியோகத்தர்கள்தான் பெரும்பாலும் முடிவு செய்தார்கள். அதில் கட்சி, தெரிந்தவர், சொந்தக்காரர் எல்லாம் புகுந்தது ஊருக்கே தெரியும். வசதியானவர் வாங்கினார், வறியவர் வாசலில் நின்றார்.

அஸ்வெசுமவுக்கு அடிப்படை 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டம். நீண்ட காலம் தூங்கிக் கிடந்த சட்டம் அது. 2022 இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்த பிறகுதான் முழுசாக எழுப்பினார்கள். இப்போது தெரிவை நலன்புரி நன்மைகள் சபை செய்கிறது. வீட்டுக்கு வந்து தகவல் எடுப்பார்கள், கணினி புள்ளி போடும், காசு நேரே வங்கிக் கணக்குக்குப் போகும். ஜி.எஸ். ஐயாவிடம் (கிராம சேவகரிடம்) கெஞ்சினால் பெயர் சேராது, அவரோடு சண்டை பிடித்தாலும் சேராது. சமுர்த்தி என்றால் செழிப்பு, அஸ்வெசும என்றால் ஆறுதல். செழிப்பிலிருந்து ஆறுதலுக்கு இறங்கியிருக்கிறோம் என்று கடைக்கு வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சொல்வார்.

சமுர்த்தி வங்கியில் இருக்கும் உங்கள் சேமிப்பு உங்களுடையதுதான். அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.

எவ்வளவு காசு தாறாங்க?

2023 இல் தொடங்கியபோது குடும்பங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். மிகவும் வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா, வறிய குடும்பத்துக்கு 8,500, பாதிக்கப்படக்கூடிய குடும்பத்துக்கு 5,000, இடைநிலைக் குடும்பத்துக்கு 2,500. முதல் இரண்டு வகைக்கும் மூன்று வருடம் என்று சொன்னார்கள். மற்ற இரண்டும் குறுகிய காலத்துக்கு என்று தொடங்கி, பிறகு நீட்டப்பட்டவை. 2025 ஜனவரியிலிருந்து 15,000 என்பது 17,500 ஆகவும், 8,500 என்பது 10,000 ஆகவும் கூடியது.

இது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. வீட்டில் மூன்று பேர் இருந்தாலும் ஏழு பேர் இருந்தாலும் அதே தொகைதான். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த இடத்தில் முகம் மாறும்.

நான் வேலை இல்லாம இருக்கிறன். அதுக்கெண்டு ஏதும் தருவாங்களா?

தரமாட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் மச்சான் சொல்வதுபோல வேலை போனால் மாதாமாதம் காசு தரும் திட்டம் இலங்கையில் இல்லை. உங்கள் குடும்பம் அஸ்வெசுமவில் தெரிவானால் அந்தக் காசு வரும். அதுவும் குடும்பம் வறியது என்பதற்காகத்தான், உங்களுக்கு வேலை இல்லை என்பதற்காக அல்ல.

ஆனால் முன்பு கொழும்பில் கடையிலோ கார்மெண்ட்சிலோ சம்பளத்துக்கு நின்றவர் என்றால் ஒரு விசயம் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) இல் சேர்ந்திருக்க வேண்டும். ஈ.டி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதி) க்கு முதலாளி தனியாக 3 வீதம் கட்ட வேண்டும். ஈ.பி.எப். ஐ ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும்தான் எடுக்கலாம். நிரந்தரமாக உடல் இயலாமல் போனவர், திருமணத்துக்காக வேலையை விட்ட பெண் போன்றவர்களுக்கு வயது பார்ப்பதில்லை. ஈ.டி.எப். வேறு கதை. வேலையை விட்டதும் எந்த வயதிலும் எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த இடத்தில் ஐந்து வருடம் நின்றிருந்தால், ஒரு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடையும் உண்டு. படுவான்கரையிலிருந்து போய் எட்டு வருடம் உழைத்துத் திரும்பி வந்து, இதில் ஒன்றையும் கேட்காமல் வீட்டில் இருக்கும் பெடியன்களை எனக்குத் தெரியும்.

வயல் கூலிக்கும் வாவியில் மீன்பிடிக்கும் போகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. வேளாண்மை வெட்ட மெசின் வந்த பிறகு அவர்களின் வேலை நாட்கள் பாதியாகிவிட்டன. ஆனால் அவர்களை வேலை இழந்தவர் என்று எந்தப் படிவமும் சொல்லாது.

மகனுக்கு ரெண்டு காலும் ஏலாது. அவருக்கு வாற காசும் அஸ்வெசுமயும் ஒண்டா?

இரண்டும் வேறு. மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு ஆளுக்குரியது, அஸ்வெசும குடும்பத்துக்குரியது. ஒரே வீட்டுக்கு இரண்டும் வரலாம். மாற்றுத்திறனாளிக்கு 2023 இல் 5,000 ஆக இருந்தது, பிறகு 7,500 ஆகி, 2025 ஏப்ரலிலிருந்து 10,000 ஆகியது. சிறுநீரக நோயாளிகளுக்கும் அதே தொகை. வறிய குடும்பத்தில் இருக்கும் 70 வயது தாண்டிய முதியவர்களுக்கு 3,000 என்பது 5,000 ஆகியது.

இதற்குப் போக வேண்டியது பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம். கிளினிக் கொப்பி, அரசாங்க வைத்தியரின் சான்றிதழ், ஜி.எஸ். இன் கடிதம், அடையாள அட்டை, முழு உருவமும் தெரியும் படம், இவற்றைக் கொண்டுபோங்கள். சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காது மெசின், சுயதொழில் உதவி, வீட்டைத் திருத்தும் உதவி போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் இதே மேசை வழியாகத்தான் விண்ணப்பம் போகும். காசுக்குப் போகும்போது இதையும் கேளுங்கள். கேட்காமல் யாரும் சொல்லப்போவதில்லை.

எங்கட ஆக்கள் 'பிச்சைச் சம்பளம்' என்று சொல்லும் பொதுசன உதவிப் பணம் மூன்றாவது சங்கதி. அது மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் காசு. அந்தப் பெயரை இனியாவது விடுவோம். வாங்குகிறவர் ஒருவரும் பிச்சை எடுக்கவில்லை.

எங்கட வீட்டை ஏன் எடுக்கல்ல? பக்கத்து வீட்டுக்காரருக்கு வருதே.

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், அதுவும் அழுகையோடு. 2023 இல் 20 இலட்சம் குடும்பங்களுக்குக் கொடுப்பதாகத் திட்டம் போட்டார்கள், சுமார் 37 இலட்சம் விண்ணப்பங்கள் வந்தன. அதனால் வறுமை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. யாருக்கு யாரைவிட அதிகம் என்று வரிசைப்படுத்தினார்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று ஆறு பகுதி, அவற்றுக்குள் 22 குறிகாட்டிகள். கரண்ட் எவ்வளவு செலவாகிறது, வாகனம் இருக்கிறதா, காணி எவ்வளவு, மாடு எத்தனை, சுவர் என்ன, கூரை என்ன, நீண்டகால நோயாளி இருக்கிறாரா, மாற்றுத்திறனாளி இருக்கிறாரா, பெற்றோரில் ஒருவர் மட்டுமா என்றெல்லாம் பார்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டிப் பிரிக்கிறார்கள்.

இந்த முறையில் நான் கண்ட குறையைச் சொல்கிறேன். அது பொருளைப் பார்க்கிறது, பொருள் ஏன் வந்தது என்று பார்ப்பதில்லை. கொக்கட்டிச்சோலைப் பக்கத்து அம்மா ஒருவர் கரண்ட் பில்லோடு வந்தார். மகன் படுத்த படுக்கை. படுக்கைப் புண் வராமலிருக்கக் காற்று மெத்தை இரவு பகலாக ஓட வேண்டும், வெயில் காலத்தில் காற்றாடியும் நிற்கக்கூடாது. பில்லில் யூனிட் ஏறியிருந்தது. புள்ளிக் கணக்குக்கு அது வசதியான வீடு. மெத்தையும் காசுக்கு வாங்கியதில்லை, யாரோ புண்ணியவான் கொடுத்தது. பில்லை என் மேசையில் விரித்து, யூனிட் எழுதியிருந்த இடத்தைச் சுற்றி விரலால் கோடு போட்டுக் காட்டினார். 'இதுதான் தம்பி எங்கள வெட்டினது' என்றார்.

காலை இழந்தவர் ஓடித் திரியக் கடனுக்கு வாங்கிய ஆட்டோவும் அப்படித்தான். போரில் காயப்பட்டவர்கள் நிறைந்த ஊர் இது. ஆட்டோ சொத்துக் கணக்கில் ஏறும், லீசிங் கட்டும் துண்டை யாரும் கேட்கமாட்டார்கள். இன்னொன்று, தகவல் எடுக்க வந்தவர் கையில் போனை வைத்துக்கொண்டு வேகமாகக் கேட்டுப் போனார். நம்மவர்களில் சிலர் வெட்கத்தில் 'எல்லாம் இருக்கு' என்றார்கள். வந்தவருக்கு முன் ஏழ்மையைச் சொல்லக் கூசினார்கள். அந்தக் கூச்சத்துக்கும் புள்ளி விழுந்தது.

அப்ப மாட்டை வித்துப்போட்டா கிடைக்குமா?

விற்காதீர்கள். சத்தியமாக ஒருவர் இரண்டு பசுவை விற்றுவிட்டு வந்து என்னிடம் சொன்னார். ஒரு குறிகாட்டி மட்டும் ஆளைத் தூக்காது, கவிழ்க்காது. மேலே சொன்ன 22 உம் சேர்ந்துதான் முடிவு. பாலும் போய், அஸ்வெசுமவும் வராமல் இருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

முறையீடு போட்டன், ஒண்டும் நடக்கல்ல. திரும்பப் போடலாமா?

பட்டியல் வெளியாகும்போது முறையீட்டுக்குக் காலம் கொடுப்பார்கள். அதற்குள் போட வேண்டும். 2023 இல் நாடு முழுக்க ஒன்பது இலட்சத்துக்கு மேல் முறையீடுகள் குவிந்தன. அந்தக் குவியலில் உங்கள் தாளும் ஒன்று. காலம் முடிந்திருந்தால் புதிய விண்ணப்பம் கோரும்போது மறுபடி போடலாம். 2024 இல் இரண்டாம் கட்டத்துக்கு அப்படிக் கோரினார்கள். நலன்புரி நன்மைகள் சபையின் தொலைபேசி எண் 1924. கூப்பிடும்போது உங்கள் விண்ணப்ப இலக்கத்தைக் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் பேசினால் அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது.

எழுதுகிற விதம் முக்கியம். 'ஐயா நாங்கள் மிகவும் கஷ்டப்பட்ட குடும்பம், கருணை காட்டவும்' என்று எழுதித் தரச் சொல்வார்கள். நான் எழுதிக் கொடுப்பதில்லை. கருணைக்குப் புள்ளி கிடையாது. அந்த அம்மாவுக்கு இப்படி எழுதினோம்: 'மகன் வயது 24, முதுகெலும்புக் காயம், நடக்கமாட்டார். காற்று மெத்தை 24 மணி நேரமும் மின்சாரத்தில் இயங்குகிறது. மின்பட்டியலின் அளவு இதனால்தான் கூடியது. வைத்திய சான்றிதழ் பிரதியும் மெத்தையின் படமும் இணைப்பு. வீட்டில் உழைப்பவர் எவரும் இல்லை.' ஐந்து வரிதான். எந்தத் தகவல் பிழையாகப் பதியப்பட்டது, சரி எது, அதற்கு ஆதாரம் எது என்ற மூன்றும் இருந்தால் போதும். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வீட்டில் வையுங்கள்.

அந்த அம்மாவுக்கு வந்ததா என்று கேட்பீர்கள். எட்டு மாதம் கழித்து வறிய குடும்பம் என்ற வகையில் வந்தது. அந்த எட்டு மாதத்துக்கு அவர் நகையை அடகு வைத்தார்.

எங்களுக்கு எதிரா ஆட்சேபனை போட்டது ஆரெண்டு பாக்கலாமா?

தகுதி இல்லாதவர் வாங்குகிறார் என்று யாரும் ஆட்சேபனை போடலாம், அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. யார் போட்டது என்று தேடிப் பக்கத்து வீட்டோடு பகை வளர்க்காதீர்கள். உங்கள் பக்க ஆதாரத்தை மேலே சொன்ன மாதிரிக் கொடுங்கள்.

ஒரு காவலாளி வேலை வந்திருக்கு. போனா காசை வெட்டிப்போடுவாங்களா?

ஒரு கையால் மட்டும் வேலை செய்யக்கூடிய ஒருவர் கேட்டது. நியாயமான பயம். அஸ்வெசும குடும்பத்தின் நிலையைப் பார்த்துக் கொடுப்பது, அதனால் வீட்டில் ஒருவர் சம்பளக்காரர் ஆனால் அடுத்த மீளாய்வில் புள்ளி மாறும். வேலை ஆறு மாதத்தில் போனாலும் வெட்டிய காசு மறு மாதமே திரும்பி வராது. மீண்டும் வரிசையின் கடைசியில்தான் நிற்க வேண்டும். வேலைக்குப் போகச் சொல்லும் திட்டமே வேலைக்குப் போகப் பயப்படுத்துகிறது என்றால் அது திட்டத்தின் பிழை, அவருடைய சோம்பல் அல்ல.

என்றாலும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். சட்டப்படி மாதத்துக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து 27,000, 2026 ஜனவரியிலிருந்து 30,000. முதலாளி அதைத் தந்து ஈ.பி.எப். உம் கட்டினால் வேலைதான் கூட. சம்பளத் துண்டு இல்லாமல் கையில் 15,000 தருகிறேன் என்றால் யோசியுங்கள். அதோடு பஸ் ஏற இறங்க ஆள் வேண்டுமா, ஆட்டோவுக்கு நாளுக்கு எவ்வளவு என்பதையும் சேருங்கள். அப்படிக் கழித்துப் பார்த்து வேண்டாம் என்று விட்டவரும் இருக்கிறார். அந்தக் காவலாளி போனார். இப்போதும் நிற்கிறார்.

அரசாங்க வேலையில 3 வீதம் எங்களுக்கெண்டு சொல்றாங்களே, உண்மையா?

உண்மை. 1988 இல் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை அது. தகுதியும் இருந்து, அந்த வேலைக்கு உடற்குறை தடையாகவும் இல்லாவிட்டால், வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு எடுப்பதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 2016 இல் ஐ.நா. உடன்படிக்கையையும் இலங்கை ஏற்றது. தாளில் குறையே இல்லை.

பொதுக் கட்டடங்களில் சக்கர நாற்காலி போக வழி வேண்டும் என்ற விதி 2006 இல் வந்தது. நான் துணைக்குப் போன ஓர் அலுவலகத்தில் சரிவுப் பாதை அழகாகக் கட்டியிருந்தது. அது முடியும் இடத்தில் ஒரு படி. அந்தப் படியில் நாற்காலியை நானும் காவலாளியும் தூக்கி வைத்தோம். விண்ணப்பிக்கும்போது 3 வீத ஒதுக்கீட்டின் கீழ் என்று கடிதத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். உள்ளே எங்காவது எழுதினால் வாசிக்கமாட்டார்கள்.

ஐ.எம்.எப். சொல்லித்தான் இதெல்லாம் வெட்டினதா?

பாதி சரி. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு சுமார் 300 கோடி டொலர் ஒப்பந்தம் வந்தபோது நலன்புரி முறையைத் திருத்துவதும் அதில் இருந்தது. ஆனால் வெட்டு என்று மட்டும் சொல்ல முடியாது. வறியவர்களுக்கான செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.6 வீதத்துக்குக் கீழே போகக்கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. அஸ்வெசுமவின் தொகை பழைய சமுர்த்தியைவிடப் பெரியது என்பதும் உண்மை.

என் வருத்தம் வேறு. கொடுக்கிற தொகை கூடியது, வெளியே நிற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதே நேரம் வற் வரியும் கரண்ட் கட்டணமும் ஏறின. உள்ளே இருப்பவருக்கு அந்த ஏற்றத்தை அஸ்வெசும கொஞ்சம் தாங்கிக்கொண்டது. வெளியே இருப்பவருக்கு ஏற்றம் மட்டும்தான்.

ஆள் வங்கிக்கு வர ஏலாது. காசை எப்பிடி எடுக்கிற?

கணக்குத் திறக்கப் பிரதேச செயலகத்தின் கடிதம் தேவை. குடும்பத் தலைவர் நடக்க முடியாதவர் என்றால், வீட்டில் இன்னொருவர் பெயரில் கணக்கு வைக்க முடியுமா என்று கடிதம் வாங்கும்போதே கேளுங்கள், பிறகல்ல. கணக்குத் திறந்தபின் மாற்றுவது பெரிய அலைச்சல். ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் கடைக்காரரிடமோ கடன் கொடுத்தவரிடமோ அடகாக வைக்காதீர்கள். இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரிலேயே இரண்டு அட்டை அப்படிக் கிடந்தது.

வாவிக்கு அந்தப் பக்கம் வங்கி என்றால் மண்முனைப் பாலம் வழியாகப் போய் வரலாம். 2014 இல் பாலம் வருமுன் பாதை (ஆளையும் வண்டியையும் ஏற்றிப்போகும் மிதவை) ஏறித்தான் போனோம், அதில் சக்கர நாற்காலியை ஏற்றிய கதைகள் தனி.

படிவத்துக்கு எவ்வளவு? நீங்க எழுதித் தந்தா எவ்வளவு எடுப்பீங்க?

படிவம் இலவசம். அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள், பெயர் சேர்த்துத் தருகிறேன் என்று யாராவது ஆயிரம், இரண்டாயிரம் கேட்டால் ஏமாற்றுகிறார் என்று அர்த்தம். முதல் பதிலில் சொன்னதுபோல இங்கே பெயர் சேர்க்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. முறையீட்டை நான் எழுதித் தருவதற்குக் காசு இல்லை. கொப்பிக்கு மட்டும் காசு. சரி, அடையாள அட்டைக்கு இரண்டு பக்கமும் வேண்டும், பின்பக்கத்தை மறந்துபோய்த் திரும்பி வருகிறவர்கள் அதிகம்.